பொருந்தியதுபோல் தோன்றும் அச்சு

1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட மொரிஸ் மைனர் கார், உற்பத்தி தொடங்கும் தறுவாயில் தன் அகலத்தையே மாற்றிக்கொண்ட ஒரு வாகனம். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டியின் உருவம் ஒடுங்கித் தோன்றுவதைச் சகியாதவராய், அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் அது கண்ணுக்கு இசைந்தது எனக் கண்டு, அந்த அளவையே நிலைபெறச் செய்தார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும், ஏற்கெனவே செய்து முடித்திருந்த பம்பர்களை வெட்டி நடுவில் துண்டு வைத்துச் சேர்த்த முதற்கால வண்டிகளும் அந்தக் கடைசிநேரத் தீர்மானத்தின் அடையாளங்களாக இன்றும் இருக்கின்றன. உடல் அகன்றால் அதைத் தாங்கும் பின் அச்சும் அகல வேண்டும்; ஸ்பிரிங்குகளின் இருப்பிடமும் சக்கரங்களின் இடைவெளியும் அதற்கேற்ப நிர்ணயிக்கப்பட வேண்டும். ஒரு காரின் பின் அச்சு என்பது இப்படி ஒன்றையொன்று சார்ந்த பல அளவுகள் சேர்ந்து உருவானது. அந்த உறவைக் கலைத்து வேறொரு காரின் அச்சை அதன் கீழே கொண்டுவந்து வைக்கும்போது நேரும் இடர்ப்பாடுகளைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இலங்கையில் இந்தக் கார் அடைந்த நீண்ட ஆயுளுக்குப் பொருளாதாரமே முதற்காரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பிறகு, 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, கையில் இருந்த காரையே பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர இந்நாட்டு மக்களுக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் இங்குள்ள கைவினைஞர்கள் பெற்ற தேர்ச்சி அற்பமானதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திவந்த சார்ள்ஸ் வெயார், 1990களில் அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலே செய்வித்து, கார் பிறந்த நாட்டுக்கே அனுப்பும் அளவுக்கு அத்தேர்ச்சி மதிக்கப்பட்டது. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாயால் மூடிக் கிடந்த பல பழைய கார்கள் மீண்டும் வீதிக்கு வந்தன.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டிச் செல்லும் நெடுவீதியின் இருமருங்கிலும் கராஜ்களுக்குக் குறைவில்லை. பழைய மைனர் ஒன்று அங்கு வந்து சேருமானால், பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே முதற்பேச்சு நடக்கும். டட்சன் சன்னியின் எஞ்சினோ டொயோட்டா கொரோலாவின் எஞ்சினோ கியர்பொக்ஸுடன் சேர்த்து அதற்குள் வைக்கப்படும். இந்த மாற்றத்தில் சரித்திர நியாயம் ஒன்றும் உண்டு: 1952 ஆம் ஆண்டில்தான் நிசான் நிறுவனம் பிரித்தானிய ஒஸ்டின் நிறுவனத்தோடு அதன் கார்களை யப்பானில் பொருத்துவதற்கு உடன்படிக்கை செய்துகொண்டது, அதே ஆண்டில்தான் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. எஞ்சின் மாறிய சில மாதங்களில், அல்லது சில ஆண்டுகளில், பின் அச்சின் முறை வருகிறது.

அது ஏன் வருகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட கடைசிக்கால மைனரில் முதல் கியரின் விகிதம் 3.63, பின் அச்சின் விகிதம் 4.22, ஆகவே எஞ்சின் தரும் முறுக்குவிசை பின் சக்கரங்களை அடையும்போது உத்தேசமாகப் பதினைந்து மடங்காகப் பெருகியிருக்கும். 48 குதிரைவலுவுக்காகச் செய்யப்பட்ட உள்ளச்சுத் தண்டுகள் அதைத் தாங்கின. எஞ்சினின் வலு கூடும்போது, மடங்காகப் பெருகும் அந்த விசையும் கூடி, தண்டின் பல்வரிகள் வெட்டப்பட்ட மெலிந்த பகுதியை முறுக்கி முறுக்கி இறுதியில் முறித்துவிடுகிறது. அத்துடன் பழைய அச்சின் கிரவுன் சக்கரமும் பினியனும் தேய்ந்து ஊளையிடத் தொடங்கினால், அவற்றுக்கு மாற்று தேடிக் கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைவதைவிட, உடைத்து விற்கப்படும் ஒரு கொரோலாவின் முழு அச்சையும் வாங்கிவிடுவது எளிது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் எஞ்சின் பழையதாகவே இருந்து, அச்சும் சத்தமின்றி ஓடுமானால், அதை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அச்சுக்குள் இருப்பது என்ன என்று சிறிது பார்ப்போம். மாட்டுவண்டிலில் அச்சு சுழல்வதில்லை. சக்கரங்கள் அதன் முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன, ஆதலால் வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் ஓடுவதில் தடையேதும் இல்லை. ஆனால் யந்திரம் சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமென்றால் இரு சக்கரங்களையும் இயக்கவும் வேண்டும், அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கவும் வேண்டும். இந்த இரண்டு நோக்கங்களையும் நிறைவேற்றும் டிபரன்ஷியல் அமைப்பை 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காகப் பிரான்சு தேசத்து ஒனெசிஃபோர் பெக்கர் வகுத்தார். அவர் கடிகாரத் தொழிலில் பழகியவர். எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையிலுள்ள சிறிய பினியன், பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்ற, அதனுள்ளே அமைந்த சிறு பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை இரு பக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. இரு சக்கரங்களின் வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் எப்போதும் கிரவுன் சக்கரத்தின் வேகமே கிடைக்கும்.

பழைய பாகக் கடையில் தூசி படிந்து கிடக்கும் அச்சின் விகிதத்தை அறிவதற்கு இந்த விதியே உதவுகிறது. ஒரு பக்கத்துச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், கிரவுன் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அப்போது பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். துல்லியமாக அறிய வேண்டுமானால் பற்களை எண்ண வேண்டும். 948 கன சென்ரிமீற்றர் மைனரின் 4.55 என்பது 41 பற்களை 9 ஆல் வகுத்தது. 1098 வண்டியின் 4.22 என்பது 38 ஐ 9 ஆல் வகுத்தது. பல கொரோலாக்களில் காணப்படும் 3.909 என்பது 43 ஐ 11 ஆல் வகுத்தது. இந்த எண் சோடிகளில் எதற்கும் பொதுக்காரணி கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். இது தற்செயல் அன்று. பொதுக்காரணி இல்லாதபோது பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது, ஒரு பல்லில் உள்ள குறை அதே எதிர்ப்பல்லைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தாமல் தேய்மானம் எங்கும் சமமாகப் பரவுகிறது. பினியனையும் கிரவுன் சக்கரத்தையும் எப்போதும் சோடியாகவே மாற்ற வேண்டும் என்று கராஜ்களில் வேலைசெய்யும் பாஸ்மார் வற்புறுத்துவதும் இவ்விதம் சேர்ந்து தேய்ந்து பழகிய பற்களைப் பிரிக்கலாகாது என்பதனால்தான்.

அம்பாறைக் கரையோரத்தின் சமதரைக்கு 3.909 மிகவும் இசைவானது. பின் சக்கரத்தின் சுற்றளவை உத்தேசமாக 1.8 மீற்றர் என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீற்றரில் நாலாம் கியரில் செல்லும் எஞ்சின், 4.55 அச்சோடு நிமிடத்துக்கு 3,370 முறை சுழல வேண்டியிருக்க, 3.909 அச்சோடு 2,900 முறை சுழன்றால் போதும். எரிபொருளும் சத்தமும் குறையும். பதுளைப் பக்கத்து மலையேற்றத்தில் மட்டும் அந்த இலாபம் கொஞ்சம் கையை விட்டுப் போகும். ஆனால் வேகமானி கியர்பொக்ஸின் வெளித்தண்டிலிருந்து இயங்குகிறது. அச்சு மாறிய செய்தி அதற்குத் தெரியாது. 4.22 அச்சை நம்பிச் செய்யப்பட்ட வேகமானி, 3.909 அச்சு வந்தபின், உண்மையில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரை ஏறத்தாழ 56 என்றே காட்டும். முள் அசைகிறது, இலக்கம் தெரிகிறது, ஆகவே எல்லாம் சரியாகவே இருப்பதாக ஓட்டுபவர் எண்ணிக்கொள்கிறார்.

இந்தச் சிறு உதாரணத்தில்தான் முழு விஷயத்தின் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. அச்சு மாற்றும் வேலையில் எதிர்ப்படும் பிழைகளில் ஒரு வகை, கராஜ் முற்றத்திலேயே தம்மை வெளிப்படுத்திவிடுபவை: போல்ட் துளையில் இறங்காது, சக்கரம் மட்காட்டில் இடிக்கும், தண்டு எட்டாது. இவற்றால் பணமும் நேரமும் விரயமாகுமே தவிர, உயிருக்கு அபாயம் இல்லை. மற்றொரு வகை, பொருந்தியதுபோல் பாவனை செய்பவை. அவை போல்ட்டை ஏற்றுக்கொள்ளும், குழாயை ஏற்றுக்கொள்ளும், காரை வீதிக்கு விடும். பின்னரே தம் குணத்தைக் காட்டும். அனுபவம் மிக்க பாஸ் ஒருவரிடம் நாம் கற்க வேண்டியது, கடினமாக இறங்கும் பாகத்தை எப்படி இறக்குவது என்பதைக் காட்டிலும், எளிதாக இறங்கிய பாகத்தை எப்படிச் சந்தேகிப்பது என்பதையே.

முதல் வகைக்குரிய அகலப் பிரச்சினையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மைனரின் உடலகலம் 1.55 மீற்றருக்குள் அடங்குவது. 1979 இல் வந்த கொரோலாவின் அகலம் 1.61 மீற்றர். ஆகவே அதன் அச்சும் நீண்டதே. அளக்க வேண்டியது குழாயின் நீளத்தையன்று. ஒரு பக்கத்துச் சக்கரம் வந்து உட்காரும் முகத்திலிருந்து மறுபக்கத்து முகம் வரையுள்ள தூரத்தையே. அதோடு சக்கரத்தின் தட்டு அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி அமைந்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலியான வண்டியில் டயருக்கும் மட்காட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருந்தால் போதும் என்று திருப்திப்படுபவர்கள், குடும்பம் முழுவதும் ஏறி, பின்னால் அரிசி மூட்டையும் ஏறிய பிறகு, வளைவில் உடல் சரியும்போது டயர் உரசி எரியும் மணத்தை நுகர்ந்தே உண்மையை அறிகிறார்கள். அச்சின் இரு பக்கங்களையும் வெட்டிக் குறுக்கி, உள்தண்டுகளையும் குறுக்கி, புதிய பல்வரிகளை லேத் பட்டறையில் வெட்டுவிப்பது செலவான காரியம். ஆனால் பொருந்தாத சக்கரங்களை மாட்டித் தீர்க்க முயல்வதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் சக்கரத்தின் நடுக்கோடு பெயரிங்கிலிருந்து விலக விலக அதன்மேல் விழும் நெம்புவிசை பெருகுகிறது.

சக்கரத் துளைகளோ இரண்டு வகைக்கும் இடையில் நிற்பவை. மைனரின் நான்கு துளைகளும் 4 அங்குல விட்டமுள்ள வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றரில் அமைந்தவை. அக்காலத்துக் கொரோலாவினதும் சன்னியினதும் 114.3 மில்லிமீற்றரில் அமைந்தவை. இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் பிற்காலத்துச் சிறிய யப்பானிய கார்களின் 100 மில்லிமீற்றர்ச் சக்கரத்தை மைனரின் 101.6 இல் வைத்துப் பாருங்கள்: நட்டுகள் பிடித்துக்கொள்ளும், இறுகும், சக்கரமும் சுழலும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் சற்றே சாய்ந்து இழுபட்ட நிலையில் நிற்கும். நட்டின் கூம்பு முகம் ஒரு பக்கத்தில் மட்டும் பதியும். ஒவ்வொரு சுழற்சியிலும் போல்ட்டின் கழுத்து வளைந்து நிமிர்ந்து, உலோகம் களைத்து, ஒருநாள் முறியும். பின்னால் 114.3 உம் முன்னால் 101.6 உமாக வண்டியை விட்டுவிட்டால் இரவில் பஞ்சராகும்போது எந்தச் சக்கரத்துக்கு ஸ்பெயார் வீல் வைத்திருக்கிறோம் என்ற கேள்வியும் எழும்.

அச்சு ஸ்பிரிங்கின்மேல் உட்காரும் இரும்புப் பலகைகளை நோக்கி வருவோம். 1979 ஆம் ஆண்டுக் கொரோலாவில் சலூன் கார்களுக்குச் சுருள் ஸ்பிரிங்கும் வேகன்களுக்கு இலைத்தட்டு ஸ்பிரிங்கும் வைத்தார்கள்; ஆகவே இந்நாட்டில் பெருகிக் கிடந்த டிஎக்ஸ் வேகனின் அச்சு, இலைத்தட்டு ஸ்பிரிங்கில் நிற்கும் மைனருக்குக் கூடுதல் உறவுடையது. ஆயினும் பலகைகளின் இடைவெளி மைனருக்குரியதாக இராது. அவற்றை வெட்டியெடுத்துப் புதிய இடத்தில் வெல்ட் செய்ய வேண்டும். வெல்டிங்கின் உருகிய கோடு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கிறது. பலகைகள் அச்சின் அடிப்பக்கத்தில் இருப்பதால், பொறுமையின்றி ஒரேயடியாக வெல்ட் செய்த குழாயின் முனைகள் மிகச் சிறிதளவு கீழே வளைந்து, சக்கரங்களின் மேல்விளிம்பு வெளியே சரியும். பெயரிங் வேகமாகத் தேயும். எண்ணெய்த் தடை கசியும். சிறு சிறு துண்டுகளாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டு வெல்ட் செய்வதும், முடிவில் இரு பக்கத்து முகங்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை மேலும் கீழும் அளந்து ஒப்பிடுவதும் இதற்குப் பரிகாரம். வெல்டிங் யந்திரத்தின் பூமிக் கம்பியை வெல்ட் செய்யும் இடத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பெயரிங்குகளின் ஊடாகப் பாய்ந்து, உருளைகளின் பளபளப்பான முகத்தில் நுண்ணிய குழிகளைப் பொசுக்கிவிடும்.

பலகையை எந்தச் சாய்வில் வைப்பது என்ற கேள்வியே இந்த வேலை முழுவதிலும் மிக நுட்பமானது. அதில்தான் மிகுதியான தவறுகளும் நேர்கின்றன. எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் புரொப்பலர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு யூனிவர்சல் ஜொயின்ட் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி விளக்கி எழுதிய இந்த இணைப்பு, ஒரு விசித்திரக் குணம் கொண்டது: இரு தண்டுகளும் ஒரு கோணத்தில் சந்திக்கும்போது, முதல் தண்டு எவ்வளவு சீராகச் சுழன்றாலும், இரண்டாம் தண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். கோணம் 3 பாகையாயின் இந்த ஏற்றவிறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. 10 பாகையாயின் நூற்றுக்கு ஒன்றரை. 15 பாகையாயின் நூற்றுக்கு மூன்றரை. கோணம் ஐந்து மடங்காகும்போது குற்றம் இருபத்தைந்து மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீற்றரில், 3.909 அச்சோடு, இந்தத் தண்டு விநாடிக்கு 36 முறை சுழல்கிறது. ஆகவே விநாடிக்கு 72 துடிப்புகள். காரின் தரையிலும் இருக்கையிலும் எழும் அந்த ரீங்காரத்தைக் கேட்டு, டயரைச் சமன்செய்தும் பெயரிங்கை மாற்றியும் பணத்தைச் செலவிட்டவர்கள் பலர்.

இதற்கு மருந்து இரண்டாவது ஜொயின்டிலேயே இருக்கிறது. கியர்பொக்ஸின் வெளித்தண்டும் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால், முன் ஜொயின்ட் உண்டாக்கிய ஏற்றவிறக்கத்தைப் பின் ஜொயின்ட் சரியாக எதிர்த்து அழித்துவிடும். இடைத்தண்டு மட்டும் துடிக்கும், பினியன் சீராகச் சுழலும். எஞ்சின் பின்பக்கமாக 3 பாகை கீழே சாய்ந்திருந்தால், பினியன் தன் மூக்கை 3 பாகை மேலே தூக்கியிருக்க வேண்டும். கோணங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் மிஞ்சும் குற்றத்தைச் சாதாரணக் கழித்தலால் அறிய முடியாது. ஒன்று 3 பாகையும் மற்றொன்று 7 பாகையும் இருந்தால், எஞ்சுவது 4 பாகையின் துடிப்பு அன்று. வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுக்க வேண்டுமாதலால், 6.3 பாகையின் துடிப்பு. கோணமே இல்லாதபடி நேர்கோட்டில் வைத்துவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. சிறிதளவு அசைவாவது இல்லாவிட்டால் ஜொயின்டினுள் உள்ள ஊசி உருளைகள் ஒரே இடத்தில் நின்று குழி பறித்துக்கொள்ளும்.

ஆகவே பலகையை மேசையில் வைத்து வெல்ட் செய்வது முறையன்று. அச்சைத் தளர்வாக ஸ்பிரிங்கின்மேல் வைத்து, காரைத் தன் சக்கரங்களில் நிற்கவிட்டு, வழக்கமாக ஏறும் பாரத்தையும் ஏற்றி, கியர்பொக்ஸின் சாய்வை அளந்து, அச்சின் குழாயைச் சுழற்றி அந்தச் சாய்வுக்குக் கொண்டுவந்து, இரண்டு புள்ளிகளில் மட்டும் வெல்ட் வைத்துப் பிடித்து, அதன்பிறகே கழற்றிச் சென்று முழுமையாக வெல்ட் செய்ய வேண்டும். இலைத்தட்டு ஸ்பிரிங்குக்கு இன்னொரு குணம் உண்டு: எஞ்சின் பலமாக இழுக்கும்போது அச்சின் குழாய் எதிர்த்திசையில் முறுகி, பினியனின் மூக்கு மேலே எழுகிறது. அதனால் சிலர் பினியனை ஓரிரு பாகை கீழே வைப்பார்கள்; மைனர் போன்ற இலேசான வண்டிக்கு ஒரு பாகைக்குமேல் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன்.

புரொப்பலர் ஷாஃப்டைக் குறுக்கும்போது அதன் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜொயின்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்கும்படி வெல்ட் செய்யப்பட வேண்டும். அவற்றில் ஒன்று சிறிது திரும்பிவிட்டாலும், மேலே சொன்ன எதிர்த்தழிக்கும் ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடும். கோணங்கள் சரியாக இருந்தும் வண்டி நடுங்கும். ஸ்பிரிங் அமுங்கும்போது அச்சு சற்றே பின்னும் முன்னும் நகர்வதால், தண்டின் வழுக்கும் பகுதி முழுவதுமாக உள்ளே முட்டிவிடாமல் இடம் விட வேண்டும். மேடுபள்ளத்தில் அது முட்டினால் அந்த அடி கியர்பொக்ஸின் பின் பெயரிங்கிலேயே விழும்.

அச்சு காருக்குச் சதுரமாக நிற்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை, பலகையின் துளைக்குள் இறுக்கமாக அமர்ந்து அச்சின் இடத்தை நிர்ணயிக்கிறது. துளை பெரிதாக இருந்தால் அச்சு முன்பின் நகரும். ஒரு பக்கத்துச் சக்கரம் மற்றதைவிட 10 மில்லிமீற்றர் முன்னே நின்றால், 1,280 மில்லிமீற்றர் இடைவெளிக்கு அது அரைப் பாகைக்குச் சற்றுக் குறைந்த திருப்பம். 2,184 மில்லிமீற்றர் நீளமுள்ள மைனரின் சக்கரத்தளத்தில் பின்பகுதி 17 மில்லிமீற்றர் ஒதுங்கி ஓடும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பிப் பிடித்து அதை ஈடுசெய்துகொள்வார். கை அதற்குப் பழகிவிடும். முன் டயர்கள் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். முன்புறத்து நிலையான இரு புள்ளிகளிலிருந்து மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுவது ஒன்றே நம்பத்தக்க சோதனை.

எல்லாவற்றிலும் அபாயமானது பிரேக். பழைய மைனரின் பிரேக் குழாய் நட்டுகள் எட்டில் மூன்று அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்டவை. மில்லிமீற்றரில் சொன்னால் விட்டம் 9.525, புரியிடைவெளி 1.058. யப்பானிய வீல் சிலிண்டரின் துளை 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் புரியிடைவெளியும் உடையது. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அருகிலும், ஒன்றையொன்று பற்றிப் பிடிக்க முடியாத அளவுக்குத் தூரத்திலும் நிற்கின்றன. பழைய நட்டைப் புதிய சிலிண்டரில் திருகினால் சில சுற்றுகள் இனிமையாகச் செல்லும். பின்னர் இறுகியதுபோலவும் இருக்கும். ஆனால் புரிகள் ஒன்றின்மேலொன்று பதிந்திருப்பது நுனிகளில் மட்டுமே. முற்றத்தில் பெடலை மெதுவாக மிதித்துப் பார்க்கும்போது துளியும் கசியாத அந்த இணைப்பு, வீதியில் திடீரென்று ஒரு பிள்ளை குறுக்கே ஓடி, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தல் அழுத்தம் எழும் அந்த ஒரு கணத்தில் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மைனரின் பிரேக் அமைப்போ ஒரே சுற்றுடையது. ஓரிடத்தில் எண்ணெய் போனால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் போய்விடும். ஆகையால் அச்சோடு வந்த நட்டுகளையே பயன்படுத்தி, புதிய குழாய் செய்து, இரு அளவுகளும் சந்திக்கும் இடத்தில் அதற்கென்றே செய்யப்பட்ட இணைப்பை வைப்பதைத் தவிர வேறு எந்தச் சமாதானத்துக்கும் இடங்கொடுக்கலாகாது.

வீல் சிலிண்டரின் விட்டமும் அவ்வாறே கவனத்துக்குரியது. விசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்தின்கீழ் எட்டு அங்குலச் சிலிண்டருக்குப் பதிலாக முக்கால் அங்குலச் சிலிண்டர் வந்தால், அதே மிதியில் பின் பிரேக்கின் விசை 44 வீதம் கூடுகிறது. பின் பிரேக் பலமாக இருப்பது நன்மைதானே என்று கேட்பவர்கள், பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து, பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இலேசான சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். மாரி மழையில், வயல் டிராக்டர்கள் சேற்றை அப்பிவிட்டுப் போன வீதியில், அதற்கு அதிக வேகமும் தேவையில்லை.

பெயரிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைனரின் அச்சில் சக்கரத்தின் பாரத்தைக் குழாயின் முனையிலுள்ள பெயரிங் தாங்குகிறது; உள்தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். கொரோலாவின் அச்சில் தண்டே பாரத்தையும் தாங்குகிறது. பெயரிங்கைத் தண்டோடு பிடித்து வைப்பது அழுத்தி ஏற்றிய ஒரு வளையம். அந்த வளையத்தைப் பழையதையே திரும்ப ஏற்றினாலோ, சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ அது நழுவி, சக்கரமும் தண்டும் சேர்ந்தே வெளியே வரக்கூடும். புதிய வளையத்தை அழுத்து யந்திரத்தில் ஏற்ற வேண்டும்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் தாழ்ந்த ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும் இந்தப் பிரதேசத்தில், அச்சின் மேலுள்ள சிறிய காற்றுத்துளையையும் கவனிக்க வேண்டும். ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. துளை நீருக்குள் இருந்தால் அதன் வழியாகவும், அடைபட்டிருந்தால் எண்ணெய்த் தடையின் ஓரமாகவும் நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. பால்போல வெளுத்த எண்ணெய் அதன் அறிகுறி. துளையிலிருந்து ஒரு றப்பர் குழாயை உயரத்துக்குக் கொண்டுசென்று கட்டிவிட்டால் தொல்லை தீரும். கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே பினியன் அமைந்த இத்தகைய அச்சுகளில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்துவதால், அதற்கென்று வகுத்த உயர் அழுத்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் அதற்கு உதவாது.

வேலை முடிந்து கார் வீதிக்கு வந்த பின்னும், அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை இறுதியாக இறுக்கும் காரியம் பாக்கியிருக்கிறது. பலகைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே பூசியிருக்கும் வர்ணமும் துருவும் முதல் சில நூறு கிலோமீற்றரில் நசுங்கி மெலிந்துவிடும். முதல்நாள் எவ்வளவு பலமாக இறுக்கியிருந்தாலும் அந்தப் பிடி தளர்ந்திருக்கும். காரை ஜாக்கியில் தூக்காமல், தன் பாரத்தோடு சக்கரங்களில் நிற்கும்போதே, நான்கு நட்டுகளையும் மூலைமாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, மறுபடியும் மூலைவிட்டங்களை அளந்து, பின் சக்கரங்களின் உட்புறத்தில் எண்ணெயோ பிரேக் திரவமோ கசிந்த ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.